பொருத்திய சிறுநீரகத்தின் தமனி சுருங்கினால்: மருந்தா, ஸ்டென்டா, திறந்த அறுவையா?

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கடந்த பிறகு, மூன்று நான்கு வகை மாத்திரைகள் எடுத்தும் ரத்த அழுத்தம் இறங்காமல், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் மெல்ல ஏறத் தொடங்கும்போது, ரத்த ஓட்டத்தின் வேகத்தை ஒலியலையால் அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அதில் சிறுநீரகத் தமனி சுருங்கியிருப்பதாக முடிவு வந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதில் நோயாளியும் குடும்பத்தாரும் திணறிப்போகிறார்கள். ஒரு மருத்துவர் தமனியைத் திறந்து வைத்திருக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்டை வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மருந்தை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார். மூன்றாமவர் தமனி மடங்கியிருப்பதால் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்கிறார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு நிலைமைக்குப் பொருந்தக்கூடியதே. நம் முன் இருப்பது அவற்றுள் எந்த நிலைமை என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் சிகிச்சைகளை ஒப்பிட்டால், முடிவு தவறாகவே அமையும்.

இந்தக் கட்டுரை பேசுவது பின்னாளில் வரும் ரத்தக்குழாய்ச் சிக்கல்களைப் பற்றி மட்டுமே. அறுவை முடிந்த சில மணி நேரங்களில் அல்லது நாட்களில் தமனியோ சிரையோ உறைந்து அடைத்துக்கொண்டால், அங்கே தெரிவு செய்ய நேரமே இருக்காது. உடனடியாகத் திறந்து பார்ப்பதுதான் வழி. பின்னாள் சிக்கல்கள் அப்படியல்ல. ஆலோசிக்கவும், இன்னொரு கருத்துக் கேட்கவும், தகுந்த மையத்துக்குச் செல்லவும் பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை நன்கு பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இவற்றுள் அதிகம் காணப்படுவது தமனிச் சுருக்கம். எதைச் சுருக்கம் என்று கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் 1 முதல் 23 சதவீதம் பேருக்கு இது வருவதாக மருத்துவ வெளியீடுகள் கூறுகின்றன. பெரும்பாலும் மூன்றாவது மாதத்துக்கும் இரண்டாவது ஆண்டுக்கும் இடையில் வெளிப்படுகிறது; எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதும் உண்மை.

## எடைபோடுவதற்கு முன் தெளிவாக வேண்டியவை

சுருக்கம்தான் காரணமா? மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ரத்த அழுத்தம் அதிகமாகவே இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகளே அதை ஏற்றிவிடும். கிரியாட்டினின் ஏறுவதற்கு நிராகரிப்பு (பொருத்திய சிறுநீரகத்தை உடலே எதிர்ப்பது), மருந்தின் நச்சுத்தன்மை, பழைய சிறுநீரக நோய் திரும்புதல், பிகே வைரஸ் தொற்று எனப் பல காரணங்கள் உண்டு. டாப்ளரில் ரத்தத்தின் வேகம் கூடியிருப்பது ஒரு குறிப்பு மட்டுமே. குழாயின் முனையை விரலால் அழுத்தினால் நீர் பீய்ச்சியடிப்பதைப் போல, தமனி குறுகிய இடத்தில் ரத்தம் விரைந்து பாய்கிறது. அந்த வேகம் நொடிக்கு 200 முதல் 300 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகிக்கிறார்கள். எங்கே கோடு போடுவது என்பது மையத்துக்கு மையம் மாறும். வேகத்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது, சிறுநீரகத்துக்கு உள்ளே இருக்கும் சிறு தமனிகளின் அலைவடிவம். சுருக்கம் உண்மையிலேயே ஓட்டத்தைத் தடுத்தால், வழக்கமாகச் செங்குத்தாக எழ வேண்டிய அலை, தயங்கி மெதுவாக எழுந்து, உயரம் குறைந்து, மழுங்கித் தெரியும். வேகம் மட்டும் கூடி, உள்ளே அலைவடிவம் இயல்பாக இருந்தால், அவசரப்பட வேண்டியதில்லை. இறுதியாக உறுதி செய்வது கேதீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படமான ஆஞ்சியோகிராம். அங்கே சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை நேரடியாக அளந்து வித்தியாசம் பார்க்க முடியும்.

அந்தச் சிறுநீரகத்தில் இன்னும் எவ்வளவு உயிர்ப்பு மிச்சம் இருக்கிறது? இதை யாரும் எளிதில் வாய்திறந்து கேட்பதில்லை. ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் பெரும்பகுதி தழும்பாகிவிட்டது என்று தெரிந்தால், சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போய்க்கொண்டிருந்தால், தமனியை எவ்வளவு நேர்த்தியாகத் திறந்துவிட்டாலும் கிரியாட்டினின் இறங்காது. மாறாக, சில மாதங்களுக்கு முன்புவரை நன்றாக வேலை செய்து அண்மையில்தான் மங்கத் தொடங்கிய சிறுநீரகத்துக்கு ஓட்டத்தை மீட்டுத்தந்தால் அது தெளிவாகத் தேறிவரும்.

சுருக்கம் எங்கே, என்ன வடிவில்? இணைப்புத் தையல் போட்ட இடத்திலா, அதற்கு அப்பால் சிறுநீரகத்தை நோக்கிச் செல்லும் பகுதியிலா, அல்லது அதற்கு முன்பே, சிறுநீரகத்துக்கு ரத்தம் தரும் இலியாக் தமனியிலா? குட்டையான வளையம் போன்ற சுருக்கமா, நீண்டு போன சுருக்கமா, கிளை பிரியும் இடமா, அல்லது சுருக்கமே இல்லாமல் நீளமான தமனி மடங்கிக் கிடக்கிறதா? சிகிச்சையை முடிவு செய்வதில் வேறெதையும்விட இதற்கே எடை அதிகம்.

தொற்று இருக்கிறதா? இருந்தால் கீழே சொல்லப்போகும் வரிசை முழுவதும் தலைகீழாகிவிடும்.

இது தோற்றால் அடுத்து என்ன மிஞ்சும்? ஒவ்வொரு சிகிச்சையும் அடுத்த சிகிச்சைக்கான வழியைத் திறந்து வைக்கிறதா, அடைத்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதோடு, அந்தக் குறிப்பிட்ட வேலையில் பழக்கப்பட்ட கைகள் எட்டும் தொலைவில் இருக்கின்றனவா என்பதும் சேரும்.

## மருந்தோடு காத்திருத்தல்

சுருக்கம் மிதமாக இருந்து, கிரியாட்டினின் நிலையாக நின்று, ரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டால், இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் தெரியும் வேக உயர்வு, வீக்கம் வடிந்ததும் தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. இங்கே காத்திருத்தல் என்பது சும்மா இருப்பதாகாது: குறிப்பிட்ட இடைவெளியில் டாப்ளர், ரத்தப் பரிசோதனை, உப்பைக் குறைத்தல், ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஆகியவை சேர்ந்ததே அது.

சிலர், உடலோடு பிறந்த சிறுநீரகங்களின் தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் பயன்படவில்லை என்று நிறுவிய பெரிய ஆய்வுகளைக் காட்டி, இங்கும் மருந்தே போதும் என்று வாதிடுகிறார்கள். 2009-இல் வெளியான ஆஸ்ட்ரல், 2014-இல் வெளியான கோரல் ஆகிய இரண்டும் அத்தகைய ஆய்வுகள்தாம். ஆனால் அவை ஆராய்ந்தது கொழுப்புப் படிந்து நாட்பட்டுச் சுருங்கிய தமனிகளை. பொருத்திய சிறுநீரகம் தனித்து நிற்கும் ஒற்றைச் சிறுநீரகம். அதற்கு மாற்றாக ஈடுகொடுக்க இன்னொன்று இல்லை. சுருக்கத்துக்கான காரணமும் பெரும்பாலும் தையல், இடுக்கி போட்ட காயம், நிராகரிப்பால் வந்த தடிப்பு என்று வேறாகவே இருக்கிறது. எனவே அந்த ஆய்வுகளின் முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரியாகாது.

காத்திருப்பதன் மறைமுக விலை, மருந்துப் பட்டியலில் வரும் குறை. சிறுநீரில் புரதம் போவதைத் தடுக்கவும் இதயத்தைக் காக்கவும் உதவும் ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகளை, கடுமையான சுருக்கம் உள்ளவர்கள் எடுத்தால் கிரியாட்டினின் திடீரென ஏறும். சுருக்கத்துக்கு அப்பால் வடிகட்டும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்த ஹார்மோனின் பிடியை அந்த மருந்து தளர்த்திவிடுவதே காரணம். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆக, நல்ல மருந்து ஒன்றை ஆண்டுக்கணக்கில் தவிர்க்க நேர்கிறது. இதயத்தின் சுருங்குதிறன் நன்றாக இருக்கும்போதே நுரையீரலில் திடீரென நீர் கோத்து மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தவர்கள், அது ஒரே ஒருமுறை என்றாலும், இந்தத் தெரிவில் தொடரக்கூடாது.

## பலூனும் ஸ்டென்டும்

பலூன் சிகிச்சையின் முன்னோடி மருத்துவரான ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சிறுநீரகத் தமனியைப் பலூனால் விரித்ததைப் பற்றி 1978-இல் எழுதினார். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் பொருத்திய சிறுநீரகத்துக்கும் இதுவே முதல் வழியாக நிலைபெற்றுவிட்டது, அதற்கு நியாயமும் இருக்கிறது. சிறுநீரகம் இடுப்புக்குழியில் பொருத்தப்பட்டிருப்பதால், தொடையிடுக்குத் தமனியில் நுழையும் கேதீட்டருக்கு அது மிக அருகில் கிடைக்கிறது. மயக்க மருந்து தேவையில்லை. உள்ளூர் மரப்பு ஊசி போதும். ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். தமனியை விரிப்பதில் பெரும்பாலான முயற்சிகள் வெற்றி பெறுகின்றன.

நடைமுறையில் அது எப்படி அமைகிறது என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மெல்லிய கம்பி சுருக்கத்தைக் கடந்ததும், அதற்கு அப்பாலும் இப்பாலும் அழுத்தத்தை அளக்கிறார்கள். இலியாக் தமனியில் 150 என்றும் சுருக்கத்துக்கு அப்பால் 100 என்றும் காட்டினால், இடையே 50 மில்லிமீட்டர் பாதரசம் தொலைந்துபோயிருக்கிறது. பலூனை ஊதி விரித்து ஸ்டென்ட் வைத்தபின் மறுபடியும் அளந்தால் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட வேண்டும். படத்தில் தமனி அழகாகத் தெரிவதைவிட இந்த எண்கள் நெருங்கிவருவதே முக்கியம். அளவெடுத்தபோது வித்தியாசமே இல்லை என்று தெரிந்தால், நல்ல மருத்துவர் பலூனை எடுக்காமலேயே வெளியே வந்துவிடுவார்; அதை ஏமாற்றமாகக் கருத வேண்டியதில்லை.

மறைமுகச் செலவுகள் இங்கும் உண்டு. முதலாவது, மீண்டும் சுருங்குதல். வெறும் பலூனால் விரித்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் முதல் முப்பது பேருக்கு மேல்வரை மறுபடியும் சுருங்குவதாகப் பதிவுகள் சொல்கின்றன. ஸ்டென்ட் வைத்தால் அது குறைகிறது. இரண்டாவது, ஸ்டென்ட் வைத்தபின், ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துச் சில மாதங்கள் எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் கிரியாட்டினின் ஏறி, நிராகரிப்பா என்று பார்க்கப் பயாப்ஸி தேவைப்பட்டால், ரத்தக்கசிவு அபாயத்துக்கும் மருந்தை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயத்துக்கும் இடையே மாட்டிக்கொள்ள நேரும். ஆகவே நிராகரிப்பு பற்றிய ஐயம் சிறிதளவேனும் இருந்தால் பயாப்ஸியை ஸ்டென்டுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மூன்றாவது, படம் எடுக்கப் பயன்படும் அயோடின் சாயம் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் வாட்டக்கூடும். பழகிய மையங்களில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டு பெரும்பகுதிப் படத்தை எடுத்து, சாயத்தைச் சில மில்லிலிட்டருக்குள் சுருக்கிவிடுகிறார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது செலவு அதிகம் பேசப்படாதது. இணைப்புத் தையலைக் கடந்து இலியாக் தமனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்த ஸ்டென்ட், பின்னர் அறுவை தேவைப்பட்டால் பெரும் இடைஞ்சலாகிறது. உலோக வலை தமனிச் சுவரோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருக்கும். அதை வெட்டியெடுத்தால், மீண்டும் தைப்பதற்கு மிஞ்சும் தமனி குட்டையாகிவிடும். கேதீட்டர் வழி முதலில் முயன்றால் இழப்பு ஒன்றுமில்லை, பிறகு அறுவை செய்துகொள்ளலாம் என்று சொல்லப்படுவது ஒருமுறை பலூன் விரிப்பதற்குப் பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டென்ட் வைத்துக்கொண்டே போவதற்குப் பொருந்தாது.

இந்த வழி சிறந்து விளங்குவது, குட்டையான, நேரான, கம்பி எளிதில் கடக்கக்கூடிய சுருக்கத்தில். இணைப்புக்கு அப்பாலுள்ள தண்டுப் பகுதியில் சுருங்கியிருந்தால், முதல் தெரிவு இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

## திறந்த அறுவை

பல குடும்பங்கள் இதைக் கடைசிக் கதவாகவே கருதுகின்றன. பெரும்பாலோருக்கு அது சரி. ஆனால் சிலருக்கு அது முதல் கதவாகவே இருந்திருக்க வேண்டும் என்பதையும், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதால் சிறுநீரகம் தேற முடியாத நிலைக்குப் போய்விடுவதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமனி மடங்கிக் கிடப்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீளமாக விடப்பட்ட தமனி, சிறுநீரகம் தன் இடத்தில் படிந்தபின் மடங்கிவிட்டால், அங்கே சுவர் தடித்திருக்கவில்லை, வழிதான் வளைந்திருக்கிறது. பலூன் விரித்துவிட்டு வெளியே வந்ததும் மடிப்பு மறுபடி விழுந்துவிடும். ஸ்டென்ட் வைத்தாலும் வளைவு அதன் முனைக்கு இடம் மாறிக்கொள்ளலாம். திறந்து, உபரி நீளத்தை வெட்டி, புதிய இடத்தில் தைப்பதே நிலையான தீர்வு. இருமுறை விரித்தும் திரும்பிவரும் சுருக்கம், கம்பி கடக்காத இறுக்கம், கிளைபிரியும் இடத்தைச் சுற்றிய நீண்ட சுருக்கம், சுருக்கத்தோடு சேர்ந்த தமனி வீக்கம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

அறுவை ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொண்டால் அதன் அபாயம் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும். பொருத்திய சிறுநீரகத்தைச் சுற்றித் தழும்புத் திசு கெட்டியாகப் படர்ந்திருக்கும். தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் மூன்றும் அதற்குள் புதைந்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாமல் இருக்கும். ஆகவே அனுபவமுள்ள அறுவை மருத்துவர் பழைய வடுவின் வழியே நேராகச் சிறுநீரகத்தை நோக்கிப் போவதில்லை. பெரும்பாலும் வயிற்றின் நடுவே திறந்து, தழும்பில்லாத இடத்தில் இலியாக் தமனியை மேலும் கீழும் முதலில் கைவசப்படுத்திக்கொண்ட பிறகே இணைப்பை நெருங்குகிறார். இடுக்கி போட்ட நொடியிலிருந்து சிறுநீரகத்துக்கு ரத்தம் இல்லை. உடலோடு பிறந்த சிறுநீரகத்துக்குச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து சிறிதளவேனும் பக்கவழி ரத்தம் கிடைக்கும். பொருத்தியதற்கு அது ஏறக்குறைய இல்லை. உடல் வெப்பத்தில் அரைமணி நேரம் கடந்தாலே பாதிப்பு கூடத் தொடங்குவதால், நேரம் நீளும் என்று தெரிந்தால் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைத் தமனி வழியே செலுத்தி, சிரையைச் சிறிது திறந்து வெளியேற்றி, சிறுநீரகத்தைக் குளிர்வித்துவிட்டு வேலை செய்கிறார்கள்.

சரிசெய்யும் முறைகளுக்குள்ளும் தெரிவு இருக்கிறது. சுருங்கிய பகுதியை வெட்டிவிட்டு மறுபடியும் இலியாக் தமனியில் தைப்பது, நீளம் போதுமானால், எல்லாவற்றிலும் எளிமையானது. நீளம் போதாவிட்டால் இடையில் ஒரு குழாய் தேவை. நோயாளியின் சொந்த உள் இலியாக் தமனி கிடைத்தால் அதுவே சிறந்தது. அது தமனி என்பதால் அழுத்தத்தைத் தாங்கும், சொந்தத் திசு என்பதால் தொற்றை ஓரளவு எதிர்த்து நிற்கும். ஆனால் முதல் மாற்று அறுவையிலேயே ஒரு பக்கத்து உள் இலியாக் தமனி பயன்படுத்தப்பட்டிருந்தால், மறுபக்கத்தையும் எடுப்பது ஆண்களுக்கு விறைப்புத்தன்மைக் குறைவை உண்டாக்கக்கூடும். இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளக் கூச்சப்படக் கூடாது. காலிலிருந்து எடுக்கும் சிரை எளிதில் கிடைக்கும், ஆனால் காலப்போக்கில் விரிந்து வீங்கும் போக்கு அதற்கு உண்டு. செயற்கைக் குழாயை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவரிடம், இயன்றவரை தவிர்ப்பதே நல்லது. மிக அரிதாக, சிறுநீரகத்தை முழுவதுமாக வெளியே எடுத்து, பனிக்குளிரில் மேசைமேல் வைத்துத் தமனிக் கிளைகளைச் சீரமைத்து, மறுபக்கத்தில் பொருத்துவதும் உண்டு.

பழைய தொகுப்புகளில் திறந்த அறுவையின் வெற்றி 63 முதல் 92 சதவீதம் என்றும், மறுபடி சுருங்குவது 12 சதவீதம் அளவு என்றும் பதிவாகியிருக்கிறது. அதே தொகுப்புகளில் சிறுநீரகத்தை இழந்தவர்கள் 15 முதல் 20 சதவீதம், சிறுநீர்க்குழாய்க் காயம் 14 சதவீதம், மறு அறுவை 13 சதவீதம், இறப்பு 5 சதவீதம். இந்த எண்கள் அச்சுறுத்துபவைதாம். ஆனால் அவற்றுள் பலர் வேறு வழி இல்லாமல், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தபின் அறுவைக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே அவற்றைப் படிக்க வேண்டும். சரியாக அமைந்தால், மறுபடி தொட வேண்டிய தேவை இல்லாத நீண்டநாள் தீர்வு இதில் கிடைக்கிறது என்பதும் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

மறைமுகச் செலவுகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கச் சைரோலிமஸ் அல்லது எவரோலிமஸ் எடுப்பவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதப்படும் என்பதால், அறுவைக்கு முன்பே அதை மாற்ற வேண்டும். மாற்றும் காலத்தில் நிராகரிப்பு எட்டிப் பார்க்காமல் கவனிக்க வேண்டும். அடுத்தது ரத்தம் ஏற்றுதல். ஏற்றப்படும் ஒவ்வொரு பையும், பிறர் திசுவுக்கு எதிரான புதிய எதிர்ப்பொருட்களை உடலில் உண்டாக்கும் வாய்ப்பைக் கொண்டிருக்கிறது. அது இந்தச் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், பின்னாளில் இன்னொரு மாற்று தேவைப்பட்டால் பொருத்தமான கொடை கிடைப்பதையும் கடினமாக்கலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | மருந்தோடு காத்திருத்தல் | பலூன், ஸ்டென்ட் | திறந்த அறுவை |
|---|---|---|---|
| பொருந்தும் நிலை | மிதமான சுருக்கம், நிலையான கிரியாட்டினின் | குட்டையான, நேரான சுருக்கம் | மடிப்பு, திரும்பத் திரும்பச் சுருங்குதல், கம்பி கடக்காத இறுக்கம் |
| உடனடி அபாயம் | மிகக் குறைவு | குறைவு. ரத்தக்கட்டு, தமனிச் சுவர் கிழிதல் | அதிகம். சிறுநீரக இழப்பு, சிறுநீர்க்குழாய்க் காயம் |
| நீடித்த பலன் | சுருக்கம் அப்படியே இருக்கும் | மறுபடி சுருங்கக்கூடும் | சரியாக அமைந்தால் நீண்டநாள் |
| மறைமுக விலை | தவிர்க்க நேரும் மருந்துகள், இடைவிடாக் கண்காணிப்பு | இரட்டை மாத்திரை, சாயம், தள்ளிப்போகும் பயாப்ஸி | ரத்தம் ஏற்றுதல், மருந்து மாற்றம், நீண்ட ஓய்வு |
| தோற்றால் மிஞ்சும் வழி | எல்லாமே | அறுவை, ஆனால் ஸ்டென்டைப் பொறுத்துக் கடினமாகும் | பெரும்பாலும் டயாலிசிஸ் |

## சுருக்கம் இலியாக் தமனியில் இருந்தால்

சிறுநீரகத் தமனி நன்றாகவே இருக்க, அதற்கு முன்னுள்ள இலியாக் தமனியில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அறிகுறிகள் ஒன்றே; கூடுதலாக, நடந்தால் அந்தப் பக்கத்துக் காலில் வலி எடுக்கலாம், தொடையிடுக்கில் நாடித்துடிப்பு தளர்ந்திருக்கலாம். சிறுநீரகத் தமனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் டாப்ளர் இதைத் தவறவிடும். வயது முதிர்ந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், புகைபிடித்தவர்கள் ஆகியோரிடம் இதைத் தேடியே பார்க்க வேண்டும். இங்கே ஸ்டென்ட் வைப்பதே பெரும்பாலும் போதுமானது. அறுவையைவிடத் தெளிவாகவே அது மேல். வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்களுக்கும், உடலமைப்பு இடம் கொடுத்தால், உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் குழாயே சிறுநீரகத்துக்கு இதமானது, ஏனெனில் திறந்த அறுவையில் பெருந்தமனியை இடுக்கியால் மூடும் நேரம் முழுவதும் சிறுநீரகம் ரத்தமின்றி இருக்கும். திறந்தே செய்ய வேண்டியிருந்தால், தற்காலிகப் பக்கவழிக் குழாய் போட்டு ரத்தம் தர முடியும்.

## இணைப்பில் பொய் அனூரிசம்

தமனியும் தமனியும் சேரும் தையல் வாயில் சுவர் விட்டு, ரத்தம் வெளியே கசிந்து பை போலத் திரண்டு நிற்பதே இது. அரிது, ஆனால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் தொற்று பற்றியதே. உறுப்பைப் பாதுகாக்கும் திரவத்தில் கலந்துவிட்ட கேண்டிடா பூஞ்சை தையலைத் தின்றுவிடுவது இதற்கு நன்கு அறியப்பட்ட காரணம். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையும் காரணமாகலாம்.

தொற்று இல்லை என்பது உறுதியானால், மூடிய ஸ்டென்ட் (வலையின் மேல் துணி போர்த்தியது) ஒரு நல்ல தெரிவு. பையின் கழுத்து குறுகலாக இருந்தால் வேறு சிறு உத்திகளும் உண்டு. தையலுக்கு அருகிலேயே சிறுநீரகத் தமனியின் வாய் இருப்பதால், மூடிய ஸ்டென்ட் அந்த வாயையே அடைத்துவிடுமா என்பதைப் படத்தை வைத்துக் கேட்க வேண்டும்.

தொற்று இருந்தால், அழுக்கான இடத்தில் புதிய உலோகத்தையும் துணியையும் வைப்பது தீர்வாகாது. ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நோயாளியின் உயிரைக் காக்க ஸ்டென்ட் ஒரு தற்காலிகப் பாலமாகலாம். அதன்பிறகு, பெரும்பாலும், சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, தொற்றிய தமனிப் பகுதியை வெட்டி நீக்கி, காலுக்கு ரத்தம் போக எதிர்ப்பக்கத் தொடையிலிருந்து பைபாஸ் போட வேண்டியிருக்கும். நன்றாக வேலை செய்யும் சிறுநீரகத்தை எடுக்கச் சம்மதிப்பது எவருக்கும் தாங்க முடியாத முடிவு, குறிப்பாகத் தாயோ உடன்பிறந்தவரோ கொடுத்ததாக இருந்தால். ஆனால் இங்கே எடைபோட வேண்டியது சிறுநீரகத்தையும் உயிரையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்து. அதில் தயங்கும் ஒவ்வொரு நாளும் வெடிப்பின் பக்கமே சாய்கிறது. சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டு தமனியை மட்டும் மாற்றியமைத்த வெற்றிகள் இருக்கின்றன. தொற்று எல்லைக்குள் இருந்து, கிருமி இன்னதென்று தெரிந்து, மருந்துக்குக் கட்டுப்படும்போது மட்டுமே அதை நாடலாம். பூஞ்சைக்கு வோரிகோனசோல், புளூகோனசோல் போன்றவை கொடுத்தால் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும் என்பதால், மாத்திரையை முதல் நாளிலேயே குறைத்து, அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்தை எடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நிறுத்தியபின் உடலில் எதிர்ப்பொருட்கள் கூடுவது வழக்கம். அடுத்த மாற்றைப் பற்றிய எண்ணம் உள்ளவர்கள், மருந்தை எப்போது, எவ்வளவு வேகத்தில் நிறுத்துவது என்பதை எடுப்பதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

## பயாப்ஸிக்குப் பின் வரும் குழாய்ச் சிக்கல், சிரைச் சிக்கல்

பயாப்ஸி ஊசி, சிறுநீரகத்துக்குள் ஒரு தமனியையும் சிரையையும் துளைத்து இரண்டையும் இணைத்துவிடுவதுண்டு. டாப்ளரில் அது அச்சமூட்டும்படி தெரிந்தாலும், பெரும்பாலானவை தாமாகவே மூடிக்கொள்ளும். சிறுநீரில் ரத்தம் நிற்காமல் போனாலோ, கிரியாட்டினின் ஏறினாலோ, அளவு பெருகினாலோ மட்டும், அந்தச் சிறு கிளைவரை கேதீட்டரைச் செலுத்திச் சுருள் கம்பியால் அடைக்கிறார்கள். இதற்குத் திறந்த அறுவை ஏறக்குறையத் தேவையே இல்லை.

பின்னாளில் சிரையில் வரும் அடைப்பு அரிது. காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தம் மேலேறி வருவதோ, நிணநீர்த் தேக்கம் வெளியிலிருந்து நசுக்குவதோ காரணமாகலாம். சிறுநீரகம் பொருத்திய பக்கத்துக் கால் வீங்கினால் தாமதிக்கக் கூடாது. முதலாவதற்கு உறைவைத் தடுக்கும் மருந்தும், தேவைப்பட்டால் கேதீட்டர் வழி உறைவை அகற்றுவதும்; இரண்டாவதற்குத் தேக்கத்தை வடிப்பது.

## சிகிச்சைக்குப் பின்

எந்த வழியைத் தேர்ந்தாலும், முடிந்த சில நாட்களுக்குள் ஒரு டாப்ளர் எடுத்து அதை அடிப்படை அளவாகக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் ஸ்கேன்களை ஒப்பிட அதுவே உதவும். ஸ்டென்ட் வைத்தபின் அதற்குள் வேகம் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதால், ஒற்றை எண்ணைக் கண்டு கலங்காமல், அது மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டில்தான் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் கண்காணிப்பும் அப்போதுதான் நெருக்கமாக இருக்க வேண்டும். ஓட்டம் சீரானதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்; பழைய அளவிலேயே மாத்திரைகளைத் தொடர்ந்தால் தலைசுற்றி விழவும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையவும் நேரும் என்பதால், முதல் வாரத்தில் காலையும் மாலையும் அளந்து குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டி அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முன்பு நிறுத்தி வைத்திருந்த ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டனை, கிரியாட்டினின் நிலைபெற்ற பிறகு, சிறிய அளவில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துப் படிப்படியாக ஏற்றலாம்.